பாட்டைப் பற்றிய இலவச உரைகள்: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசையறிஞர், மானிடவியலாளர், பறவை ஆய்வாளர், மருத்துவர் என்று பல துறையினர் ஒரே பொருளைப் பற்றிப் பேசும் பொது உரைகளைப் பல்கலைக்கழகங்கள் இலவசமாகவே நடத்துகின்றன. கேம்பிரிட்ஜின் டார்வின் கல்லூரி 1986 முதல் ஆண்டுக்கு ஒரு தலைப்பில் எட்டு உரைகள் என்று நடத்திவருகிறது. அந்தப் பொருள் பாட்டாக இருந்தால், கேட்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவதுதான் பெரிய தவறு. பேச்சு அதைத் தாங்கும், பாட்டு தாங்காது. தாலாட்டைத் தாலாட்டாக்குவதே அதன் நிதானம்தான். அதைப் பறித்துவிட்டால், பேச்சாளர் எதைப் பற்றி விளக்குகிறார் என்றே பிடிபடாது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கீழ்க்குரல் மங்கிவிடும், அதனால் ஹெட்போன் அவசியம். பாட்டு ஒலிக்கும்போது குறிப்பு எழுதுவதையும் நிறுத்திவிடுங்கள். அங்கே சான்று அந்த ஒலிதான். அதற்கான விளக்கத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது, தன் துறை உரையை மட்டும் பொறுக்கிக் கேட்பது. வரிக்குதிரைச் சில்லை என்னும் சிறு பறவையின் ஆண் குஞ்சு, குஞ்சுப் பருவத்தில் மூத்த ஆண் பறவையைக் கேட்டுத்தான் பாடப் பழகுகிறது. குழந்தைகள் பேசப் பழகுவதை ஆராய்பவர்கள் இதை உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். பாடக் கற்பவருக்கும் இதில் நிறைய இருக்கிறது.

'இசை எல்லோருக்கும் பொதுமொழி' என்று முடிவு கட்டிக்கொண்டு போவதும் சரியல்ல. பல சமூகங்களின் பாடல்களைப் போட்டுக்காட்டிச் சோதித்த ஓர் ஆய்வு 2019-இல் சயின்ஸ் இதழில் வந்தது. தாலாட்டையும் ஆட்டப் பாட்டையும் அயலார் ஓரளவு கண்டுகொண்டார்கள்; காதல் பாட்டில்தான் தடுமாறினார்கள். அதே சமயம், பழக்கமில்லாத பாட்டைச் சுருதி சேரவில்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பல்கேரியாவின் சில பகுதிகளில் பெண்கள் இரு குரல்களையும் வேண்டுமென்றே உரசும்படி நெருக்கமாக வைத்துப் பாடுவார்கள். அங்கே அதுதான் அழகு.

அப்புறம் கேள்வி நேரம். சொந்தக் கருத்தை நீட்டி முழக்காமல், இதை யார், எந்த வேளையில், யார் முன்னால் பாடுவார்கள் என்று கேளுங்கள். சாவு வீட்டில் பாடிய ஒப்பாரியும், ஆய்வாளருக்காக உட்கார்ந்து பாடிக்காட்டிய ஒப்பாரியும் ஒன்றல்ல. ஒலிக்கவிட்ட பதிவு இதில் எது என்று பேச்சாளர் சொல்லாமல் விட்டிருந்தால், தயங்காமல் அதைக் கேட்டுவிடுங்கள்.