டஸ்கனியின் ஓடைப்பள்ளங்களில் நடப்பது எப்படி? பிட்டில்யானோ, சோவானா, சொரானோ: முதல்முறை போகிறவர்களுக்கு

மேப்பில் பார்த்தால் பிட்டில்யானோவுக்கும் சோவானாவுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்தான். இரண்டும் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்துத் தெற்கில், பக்கத்து லாசியோ மாநிலத்தின் எல்லையை ஒட்டியிருக்கும் பழைய ஊர்கள். பக்கத்திலேயே இருக்கும் சொரானோவையும் சேர்த்தால் மூன்று. 'எட்டு கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்' என்று சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள், அதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து, நாக்கு தள்ள வந்து சேருவார்கள். காரணம் ரொம்ப எளிது. இந்த ஊர்கள் ஓடைகள் அறுத்துவிட்ட பாறைத் திட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் பள்ளத்தில் இறங்கியாக வேண்டும், ஊர் போய்ச் சேர ஏறியாக வேண்டும். அதனால் இங்கே கிலோமீட்டரை எண்ணாதீர்கள், வழியில் எத்தனை பள்ளம் என்று எண்ணுங்கள்.

பயமுறுத்தவில்லை. லிஃப்ட் ஓடாத நாளில் ஐந்தாவது மாடிக்கு நின்று நின்றாவது ஏறிவிடுகிற தெம்பு இருந்தால் இந்த நடை உங்களால் முடியும். கயிறு, கருவி, வழிகாட்டி எதுவும் தேவையில்லை.

படி 1: தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பொல்சேனா ஏரி, எரிமலைகள் குமுறிய பகுதியில் உண்டான ஏரி. சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்து வந்து கொட்டிய சாம்பலும் கல்லும் இறுகியதுதான் இங்குள்ள பாறை. இதற்கு டூஃபோ என்று பெயர். தேன் நிறம், சில இடங்களில் செம்மண் நிறம். விரல் நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும் அளவுக்கு மிருது. தண்ணீருக்கு இதை அறுப்பது சுலபம், மனிதனுக்கும் சுலபம். ஓடைகள் பள்ளங்களை வெட்டின. ரோமானியர்களுக்கு முன்பு இங்கே வாழ்ந்த எட்ரஸ்கர்கள் கல்லறைகளையும் பாதைகளையும் வெட்டினார்கள்.

அந்தப் பாதைகளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். உள்ளூரில் 'வியா காவா' என்பார்கள். மேட்டிலிருந்து ஓடைக்கு இறங்கும் வழியைப் பாறையை நெடுக்குவாட்டில் பிளந்து போட்டிருக்கிறார்கள். அகலம் இரண்டு மூன்று மீட்டர், ஆனால் இருபுறமும் சுவர் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேலே போகிறது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கோடாகத் தெரியும். எதற்காக இவ்வளவு ஆழம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. போக்குவரத்துக்கு என்கிறார்கள் சிலர், மழைநீர் வடிய என்கிறார்கள் சிலர், கல்லறைக்குப் போகும் சடங்குப் பாதை என்றும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றுமாக இருந்திருக்கும். வழி என்று ஒன்று இருந்தால் அதில் தண்ணீரும் போகும், பிணமும் போகும். சுவரை உற்றுப் பாருங்கள், சாய்வான வரிகளாகக் கடப்பாறை கொத்திய தடங்கள் தெரியும். மேலே இருப்பவை பழசு, கீழே வர வர புதுசு. வண்டிச் சக்கரமும் மழைநீரும் தரையைத் தேய்க்க, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அதைத் திரும்பத் திரும்பச் செதுக்கிச் சமன்செய்துகொண்டே வந்திருக்கிறார்கள்.

படி 2: மாதத்தையும் கிழமையையும் பாருங்கள்

ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வியா காவாவுக்குள் ஏசி போட்ட மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே வரும் வயல்மேட்டில் நிழலே கிடையாது.

மழை பெய்தால் ஒரு நாளாவது பொறுங்கள். டூஃபோ தண்ணீரைக் குடித்துக் கனத்து, மேலிருந்து துண்டு துண்டாக விழும். தரையில் பாசி வேறு. இதனாலேயே ஏதாவது ஒரு வியா காவா அவ்வப்போது மூடியிருக்கும். 'கியூசோ' என்று பலகையோ குறுக்கே சிவப்பு வெள்ளை நாடாவோ இருந்தால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். யாரும் பார்க்கவில்லை என்று தாண்டிப் போகாதீர்கள், திரும்பி வேறு வழி பாருங்கள். முந்தின நாளே ஊரின் சுற்றுலா அலுவலகத்திலோ தங்குமிடத்திலோ கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

இலையுதிர் காலத்தில் இன்னொன்று: காட்டுப்பன்றி வேட்டை. இது மாரெம்மா பகுதி, இங்கே அது பெரிய விஷயம். இத்தாலியச் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை. அக்டோபருக்கு மேல் போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு நாட்களில் நடப்பது புத்திசாலித்தனம். மற்ற நாட்களில் பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் சட்டை போடுங்கள். பச்சை, பழுப்பு வேண்டாம்.

மார்ச் 19-ஐ ஒட்டிப் போக முடிந்தால் போங்கள். புனித சூசையப்பர் திருநாளான அன்று இரவு, பிட்டில்யானோ ஆட்கள் எரியும் நாணல் கட்டுகளைத் தோளில் சுமந்து சான் ஜுசெப்பே வியா காவா வழியாக ஊருக்குள் வந்து, சதுக்கத்தில் குளிர்காலத்தின் கொடும்பாவியைக் கொளுத்துவார்கள்.

படி 3: போய்ச் சேருவது

ரோமிலிருந்து கடலோர ரயிலில் ஓர்பெத்தெல்லோ அல்லது குரோசெத்தோ வரை, அங்கிருந்து ஆட்டோலினே தோஸ்கானே என்ற நிறுவனத்தின் பஸ்ஸில் பிட்டில்யானோ. ரயில் சுலபம், பஸ்தான் வில்லங்கம். ஒரு நாளைக்குக் கைவிரலில் எண்ணிவிடலாம். கால அட்டவணையில் 'ஃபெரியாலே' என்றால் திங்கள் முதல் சனி வரை, 'ஃபெஸ்டிவோ' என்றால் ஞாயிறும் விடுமுறை நாளும், 'ஸ்கோலாஸ்டிகோ' என்றால் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும். மூன்றாவதில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். பள்ளி விடுமுறையில் வராத பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறன்று பஸ்ஸை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். பிட்டில்யானோவிலேயே தங்கினால் மற்ற இரண்டு ஊர்களுக்கும் அங்கிருந்து போய்வரலாம்.

படி 4: பை

அடியில் நல்ல பிடி உள்ள ஷூ. வியா காவா தரை ஈரமாகவே கிடக்கும், சாதாரண ரன்னிங் ஷூ வழுக்கும். வெயில் காலத்தில்கூட முழுநீளப் பேன்ட், ஏனென்றால் ஓடையோரம் முள்ளும் காஞ்சொறியும் உண்ணியும் உண்டு. இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் (ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்), கல்லறைகளுக்குள் எட்டிப் பார்க்க ஒரு டார்ச்.

மேப்பை முதல் நாளே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஆழமான பள்ளத்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். நீல நிறப் புள்ளி நீங்கள் பக்கத்து வயலில் நிற்பதாகக் காட்டும். ஆகவே இறங்குவதற்கு முன்னால், மேட்டில் நிற்கும்போதே, கீழே ஓடையைக் கடந்ததும் இடமா வலமா என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலும் கல்லிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்திருக்கும். ரொம்ப நேரமாக ஒரு பட்டையும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த பட்டை வரை திரும்பி வாருங்கள்.

சாப்பாடு? சைவக்காரர்களுக்குக் கஷ்டமில்லை. ஊரில் பூண்டும் தக்காளியும் போட்ட பிச்சி என்ற தடித்த நூடுல்ஸ், வழிக்குச் செம்மறி ஆட்டுப்பால் சீஸான பெக்கொரினோவும் ரொட்டியும். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, கெட்டுப்போன ரொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பிட்டில்யானோ பேக்கரியில் 'ஸ்ஃபிராத்தோ' கேட்டு வாங்குங்கள்: மெல்லிய மாவுக்குள் தேனும் வால்நட்டும் அடைத்து நீளக் குச்சியாகச் சுட்டது. இந்த ஊரின் யூதர்கள் கொடுத்த பலகாரம். அவர்கள் நிறைய பேர் வாழ்ந்ததால் ஊருக்குச் சின்ன ஜெருசலேம் என்றே பெயர் உண்டு. 1598-ல் கட்டிய தொழுகைக்கூடத்தை இப்போதும் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டில் யூதர்களை வீட்டைவிட்டுக் கிளப்ப வந்தவர்கள் கதவைத் தட்டிய தடியின் வடிவம்தான் இந்த இனிப்பு என்று உள்ளூரில் சொல்கிறார்கள். இரண்டு துண்டு தின்றால் ஒரு ஏற்றம் ஏறலாம்.

படி 5: முதல் நடை, பிட்டில்யானோவிலிருந்து சோவானா

காலை எட்டு, எட்டரைக்குக் கிளம்புங்கள். பழைய ஊரின் நீளத்தை முழுக்க நடந்து மேற்குக் கோடிக்குப் போனால் சோவானா வாசல் வரும். பக்கத்தில் எட்ரஸ்கர் மதிலின் மிச்சம் நிற்கிறது: சாந்தில்லாமல் அடுக்கிய பெரிய டூஃபோ கற்கள். அங்கிருந்து பாதை நேராகக் கீழே. இறக்கத்தில் அவசரப்பட வேண்டாம், முட்டி போவது ஏற்றத்தில் அல்ல, இங்கேதான்.

ஓடையைத் தாண்டியதும் எதிர்ச்சரிவில் வியா காவா தொடங்கும். உள்ளே கால் வைத்ததும் வெயில் அணைந்துபோகும், காற்று சில்லென்று ஈரமாக மாறும், சுவர் முழுக்கப் பெரணி தொங்கும். நுழைவாயில்களின் அருகே சுவரைக் குடைந்து வைத்த சிறு மாடங்களைக் கவனியுங்கள், சிலவற்றில் மாதா படம் இருக்கும். எட்ரஸ்கர் காலத்தவை அல்ல இவை. இந்த இருட்டுப் பள்ளங்களில் பேய் உலாவும் என்று பயந்த பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் அதை விரட்ட வைத்தது. மதியம் பன்னிரண்டுக்கே அங்கே தனியாக நின்றால் அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது என்று தோன்றும். மேலே பெரிய மரம் சாய்ந்து நிற்கும் இடத்தில், தரையில் புதிதாக உதிர்ந்த கல் கிடக்கும் இடத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

மேட்டுக்கு வந்துவிட்டால் ஆலிவ் தோப்பு, திராட்சை, மேய்ச்சல். ஆட்டு மந்தை தெரிந்தால் கவனம், கூடவே பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். மாரெம்மா காவல் நாய்கள் இவை, ஓநாயையே எதிர்த்து நிற்பவை. மந்தைக்குள் புகாமல் நன்றாகத் தள்ளிச் சுற்றிப் போங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, கல்லை எடுக்கவும் கூடாது. நின்று, மெதுவாக மந்தையைவிட்டு விலகினால் அதுவும் திரும்பிவிடும். ஏதாவது ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 112.

இந்த நடைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், நின்று பார்க்கிறவர்களுக்கு நாலு.

படி 6: சோவானாவும் கல்லறைகளும்

சோவானா என்பது ஏறக்குறைய ஒரே தெரு. இந்தப் பொடி ஊரில்தான் 11ஆம் நூற்றாண்டில் இல்தெப்ராந்தோ பிறந்தார். பின்னாளில் போப் ஏழாம் கிரிகோரியாகி, 1077-ல் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றியைக் கனோசா கோட்டை வாசலில் பனியில் காக்கவைத்தவர். ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரம் போனால் அவர் பெயரில் ஒரு எட்ரஸ்கர் கல்லறை, அதுவும் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது! அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஊர்ப் பெருமைக்கு வைத்த பெயர். பாறையையே கோயில் முகப்பு போலச் செதுக்கியிருக்கிறார்கள், தூண்களில் ஒன்றுதான் இன்று முழுசாக நிற்கிறது. பக்கத்திலேயே காவோனே என்ற வியா காவா. நுழைவுச்சீட்டு உண்டு, வாங்கிப் பாருங்கள். நேரம் இல்லையென்றால் ஊர்த் தேவாலயத்தை விட்டுவிடலாம், இதை விடக் கூடாது.

திரும்பும்போது நடக்கத்தான் வேண்டும் என்று வீம்பு பிடிக்காதீர்கள். அதே பள்ளங்கள் மதியத்துக்கு மேல் இன்னும் ஆழமாகிவிடும். பஸ்ஸோ டாக்ஸியோ காலையிலேயே பேசி வையுங்கள்.

படி 7: மறுநாள் சொரானோ

கால் ஒத்துழைத்தால் மட்டும். சொரானோவுக்கு பஸ்ஸில் போய், கோட்டையையும் பாறையோடு ஒட்டிய வீடுகளையும் பார்த்துவிட்டு, லெந்தே ஓடைக்கு இறங்கி சான் ரோக்கோ வியா காவா வரை நடந்தாலே அரை நாள் ஓடிவிடும். ஆர்வம் அடங்காதவர்கள் சான் குவிரிகோ கிராமத்தை ஒட்டிய வித்தோட்சாவுக்குப் போகலாம். காட்டுக்குள் 200-க்கும் மேற்பட்ட குகை வீடுகள், 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆள் குடியிருந்தவை. பாதை பெரும்பாலும் சமதளம், குழந்தைகளோடு போகிறவர்கள் சோவானா நடைக்குப் பதில் இதிலேயே தொடங்கலாம்.

கார் வைத்திருந்தால் கடைசி நாள் மாலை சதூர்னியா. முலீனோ அருவியில் 37 டிகிரிச் சூட்டில் கந்தகத் தண்ணீர் படிப்படியான வெள்ளைத் தொட்டிகளில் வழிகிறது, கட்டணம் கிடையாது. பழைய துணியோடு இறங்குங்கள், வாடை போக இரண்டு மூன்று சலவை ஆகும். வெள்ளிக் கொலுசு, மெட்டி, மோதிரம் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிக் காரில் வைத்துவிடுங்கள், தண்ணீர் பட்டால் கறுத்துவிடும்.