தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கூரியரில் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்தே பார்சல் போட்டு விற்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது, நம் ஊரில் எது விளைகிறது என்பதைத்தான். தர்மபுரிப் பக்கம் கேழ்வரகு, சாமை, புளி; கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம்; ஓசூரில் பூ. சரக்கு விளையும் இடத்திலேயே இருப்பது பெரிய பலம்தான். ஆனால் அதை மட்டும் நம்பி மூட்டை மூட்டையாக வாங்கி இறக்கிவிட்டு, பிறகுதான் யாருக்கு விற்பது என்று பலர் யோசிக்கிறார்கள். யோசனை முதலில் வர வேண்டும். யார் வாங்குவார்? பக்கத்துக் கடையை விட்டு நம்மிடம் ஏன் வாங்குவார்? பெட்டிக்குள் அது கெடாமல், உடையாமல் போய்ச் சேருமா? இந்த மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால்தான் சரக்கைத் தொட வேண்டும்.

கூரியர் கட்டணத்தைக் கடைசியில் கூட்டுவது

கேழ்வரகு மாவையே எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பவை கணக்குப் புரிவதற்கான தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 1 கிலோ மாவுக்கு தானியம் 70 ரூபாய், கல் நீக்கி அரைக்க 15, பவுச்சும் லேபிளும் 14, அட்டைப்பெட்டியும் டேப்பும் 16, கூரியர் 80, பணம் வாங்கும் செயலியின் கட்டணம் 6, உடைந்ததற்கும் திரும்பி வந்ததற்கும் ஒதுக்கீடு 10, கட்டுகிறவரின் கூலி 25. மொத்தம் 236. இதை 250 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 14. வாங்குகிறவரின் தெருக்கடையிலோ அதே மாவு இதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கலாம். கூலியையும் ஒதுக்கீட்டையும் கணக்கில் சேர்க்காதவருக்கு இது லாபமாகத் தெரியும். ஆறு மாதம் உழைத்த பிறகு கையில் பணம் இல்லாததன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறைந்தபட்ச ஆர்டரை 3 கிலோவாக வைப்பது. முதல் கிலோவுக்கு 80 ரூபாய் என்றால் 3 கிலோவுக்கு 240 ஆகாது. அடுத்தடுத்த கிலோவுக்குக் கட்டணம் குறைவதால் 150 போலத்தான் வரும். மற்றொன்று, கடையில் கிடைக்காத ஏதாவது ஒன்றை அந்த மாவோடு சேர்ப்பது. அதைப் பிறகு பார்ப்போம்.

எடையைப் போலவே இடத்துக்கும் கூரியரில் காசு உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அதுவும் உண்மையான எடையும் எது அதிகமோ, அதற்குத்தான் கட்டணம். சில நிறுவனங்கள் 5000-க்குப் பதில் இன்னும் சிறிய எண்ணால் வகுக்கின்றன. அப்போது கட்டணம் மேலும் ஏறும். காவேரிப்பட்டணம் பக்கத்து நிப்பட்டு (தட்டை போன்ற பலகாரம்) 1.2 கிலோவை உடையாமல் அடுக்க 30 × 25 × 20 பெட்டி தேவைப்பட்டால், கணக்கு 15,000 வகுத்தல் 5000, அதாவது 3 கிலோ. புளி 3 கிலோவோ 25 × 20 × 12 பெட்டியில் அடங்கிவிடும். அதன் கன அளவு எடை 1.2 கிலோதான். ஆக, 1.2 கிலோ நிப்பட்டுக்கும் 3 கிலோ புளிக்கும் ஒரே கட்டணம். நிப்பட்டு விற்கக் கூடாது என்பதல்ல; அதன் விலையை இந்தக் கணக்கிலிருந்து போட வேண்டும். பெரிய பவுச்சில் கொட்டிக் கட்டாமல், நிப்பட்டின் அகலத்துக்கே பொருந்தும் உருளை டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடமும் மிச்சம், உடைவதும் குறையும். முதல் ஆர்டருக்கு முன்பே கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஒவ்வொரு மூலையும் தரையில் படும்படி போட்டுப் பாருங்கள். உங்கள் கையில் உடையாதது வண்டியில் உடைவது அரிது.

எல்லாருக்கும் விற்க நினைப்பது

“சிறுதானியம், சத்து மாவு, புளி, தேன், ஊறுகாய் அனைத்தும் கிடைக்கும்” என்ற விளம்பரத்தைப் பார்த்து யாரும் ஆர்டர் போடுவதில்லை. அதில் தனக்கென்று எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. சின்னத் தொழிலுக்கு சின்ன வட்டம்தான் சரி. அந்த வட்டத்தை வயது, ஊர் என்று பிரிப்பதைவிட, அவர்களுடைய அடுப்படியில் என்ன சிக்கல் இருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது பலன் தரும்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். வீட்டில் களி சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஆனால் களி கிண்டும் பக்குவம் கைக்கு வராதவர்கள். கடை மாவு நைசாக அரைத்தது. ரொட்டிக்கும் தோசைக்கும் அது போதும், களிக்குக் கட்டி தட்டும். இவர்களுக்குத் தேவை வெறும் கேழ்வரகு மாவு அல்ல. சற்றுக் கொரகொரப்பாக அரைத்த மாவு 400 கிராம், அதற்கு ஏற்ற நொய்யரிசி 100 கிராம் தனிப் பொட்டலமாக, எத்தனை டம்ளர் தண்ணீர், நொய் எவ்வளவு வெந்ததும் மாவைக் கொட்டுவது, எவ்வளவு நேரம் மூடி வைப்பது என்று ஒரு சீட்டு. இரண்டு பேருக்கு இரண்டு வேளைக்கான கட்டு. இதோடு கொள்ளு 250 கிராம் சேர்த்தால் கடையலும் ஆயிற்று. இந்தக் கட்டை எந்த மளிகைக் கடை மாவோடும் விலை ஒப்பிட முடியாது. முன்பு சொன்ன இரண்டாவது வழி இதுதான். தண்ணீர் அளவை ஊகத்தில் அச்சடித்துவிட வேண்டாம். களி கிண்டத் தெரியாத ஐந்து பேர் சீட்டை மட்டும் படித்துக் கிண்டி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து வாசகத்தைத் திருத்த வேண்டும்.

சாமையிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. தவிடு நீக்காத சாமையைத் தேடி வாங்குகிறவர்கள் தனி. ஆனால் தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அது சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். தீட்டிய அரிசிக்குப் போடும் காலாவதித் தேதியை இதற்கும் போடுவது பெரிய தவறு. மொத்தமாக உமி நீக்கி வைக்காமல், பதினைந்து நாள் விற்பனைக்கு வேண்டியதை மட்டும் நீக்கிக்கொள்ளுங்கள். தானியத்தின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சணமும் வண்டும் வரும். இருப்பு முறை பற்றி பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் விவரம் கேட்கலாம். சாமையில் அங்கேயே வெளியிட்ட ரகங்களும் உண்டு.

புளி: ஒரே பெயரில் எல்லாவற்றையும் விற்பது

இந்த இரு மாவட்டங்களிலும் பார்சலுக்கு மிகவும் ஏற்ற சரக்கு புளிதான். கனம் உண்டு, இடம் அடைக்காது, உடையாது, ஆண்டு முழுதும் தேவை. இருந்தும் புகார் அதிகம் வருவதும் இதில்தான்.

முதல் கோளாறு, வாங்கும் கணக்கில். மரத்திலிருந்து இறங்கும் பழத்தில் சதை ஏறக்குறைய 55 சதவீதம், கொட்டை 34, ஓடும் நாரும் 11. ஓட்டோடு 100 கிலோ வாங்கினால் விற்க மிஞ்சுவது 55 கிலோ. தட்டி, கொட்டை எடுக்கும் கூலியைச் சேர்ப்பதற்கு முன்பே சதையின் அடக்க விலை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இதைப் பார்க்காமல் மண்டி விலைக்கு மேல் 20 ரூபாய் வைத்து விற்பவர் ஒவ்வொரு கிலோவிலும் இழக்கிறார்.

இரண்டாவது, நிறம். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். நாள் ஆக ஆக, வெப்பம் பட பட, காற்றுப் பட்டுக் கறுக்கும். புதுப்புளிப் படத்தைப் போட்டு ஐப்பசியில் கறுத்த புளியை அனுப்பினால், கெட்டுப்போனது என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். ஆனால் பழம்புளியை விரும்பிக் கேட்கும் பெரியவர்கள் நிறைய. இரண்டையும் இரண்டு பெயரில், இரண்டு படத்தோடு, அறுவடை ஆண்டையும் போட்டு விற்றால் புகாராக வந்திருக்க வேண்டியதே வாடிக்கையாக மாறும். கொட்டை உள்ளதா, நார் எடுத்ததா, உப்புச் சேர்த்ததா என்பதையும் எழுத வேண்டும். உரிகம் பக்கத்துப் புளி என்று சொன்னால் அது உண்மையிலேயே அங்கிருந்து வந்ததாக இருக்கட்டும். புளியை அறிந்தவர் நாக்கு ஏமாறாது.

கோடையில் புளி இளகிக் கசியும். ஒற்றைப் பவுச் போதாது; உள்ளே தடித்த பாலித்தீன் பை, வெளியே பவுச், சீல் விளிம்பில் ஒரு நார்கூட ஒட்டாமல் துடைத்து ஒட்ட வேண்டும். சீலில் சிக்கிய நார் வழியாகத்தான் கசிவு தொடங்குகிறது.

மருந்து போலவும் குழந்தை உணவு போலவும் விளம்பரம் செய்வது

“சர்க்கரை நோயைக் குணமாக்கும் சாமை” என்று எழுதுவது சட்டப்படி குற்றம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. உணவு விளம்பரங்களுக்கு 2018-இன் தனி விதிமுறைகளும் உண்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான். “தவிடு நீக்காதது, நார்ச்சத்து உள்ளது” என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிட அதிகம் கண்ணில் படுவது, “6 மாதக் குழந்தைக்கு முளைகட்டிய ராகி மாவு” என்ற விளம்பரம். இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்த உணவுகளைத் தயாரிக்கத் தனித் தர விதிகளும் இருக்கின்றன. வீட்டு மிக்ஸியில் அரைத்த மாவு அவற்றுக்குப் பொருந்தாது. சரியாகக் காயாத முளைதானியத்தில் பூஞ்சணம் பிடித்தால் பாதிக்கப்படுவது கைக்குழந்தை. இந்த வட்டத்தை விட்டு விலகுங்கள். பெரியவர்களுக்கான காலைக் கஞ்சி என்று அதே மாவுக்கு வேறு வட்டம் இருக்கிறது.

ஓசூர் எல்லையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் வேறு மாநிலம்

கிருஷ்ணகிரிக்காரருக்குப் பெங்களூர் பக்கத்து ஊர். வரிச் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் இருக்கலாம். ஆனால் வரி உள்ள பொருளில் ஒரே ஒரு பார்சல் கர்நாடகத்துக்குப் போனாலும் பதிவு கட்டாயம். விற்றுமுதல் எவ்வளவு என்ற கேள்வியே அங்கே இல்லை. கேழ்வரகையும் மாவையும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் வரி உண்டு. உலர்ந்த புளிக்கு வரி இல்லை. அதனால் பெங்களூர் வட்டத்தைப் புளியில் தொடங்குகிறவருக்கும் மாவில் தொடங்குகிறவருக்கும் வேலை ஒன்றல்ல. பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

எந்த உணவுப் பொருளானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் லேபிளில் வேண்டும். அதோடு பொருளின் பெயர், எடை குறையும் வரிசையில் சேர்மானங்கள், பச்சைப் புள்ளி, நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி (பேட்ச்) எண், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரிப்பவர் முகவரி, புகாருக்கான தொலைபேசி எண். லேபிளை ஆயிரக்கணக்கில் அச்சடித்த பிறகு நிகர எடையை மாற்றுவது வீண் செலவு. முதல் இரண்டு மாதம் ஸ்டிக்கர் போதும். பெயர் வைக்கும்போது “தர்மபுரி ராகி மாவு” போல ஊரும் பொருளும் மட்டும் உள்ள பெயரை வணிகக் குறியாகப் பதிவது கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உறவினர் பாராட்டை நம்பி மெஷின் வாங்குவது

இலவசமாகக் கொடுத்த மாதிரிப் பாக்கெட்டை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அறிமுகம் இல்லாத 20 பேர் முழு விலையும் கூரியரும் கொடுத்து வாங்கட்டும். அதில் எத்தனை பேர் 45 நாளுக்குள் மறுபடி கேட்கிறார்கள் என்பதே சோதனை. அதுவரை பக்கத்து மாவு மில்லும் பவுச்சை ஒட்டக் கையால் அழுத்தும் சிறிய சீலரும் போதும். மானியம் கிடைக்கிறது என்பதற்காக அரவை மெஷின் வாங்குகிறவர், கடனுக்குத் தீனி போட வேண்டியே கிடைத்ததையெல்லாம் அரைத்து விற்கத் தொடங்குகிறார். வட்டம் அங்கே சிதறிவிடுகிறது.

விளம்பரத்திலும் இதே கணக்கு. 2000 ரூபாய் செலவில் 8 ஆர்டர் வந்தால் ஓர் ஆர்டருக்கு 250. ஓர் ஆர்டரில் மிஞ்சுவது 110 என்றால் முதல் ஆர்டரில் 140 நஷ்டம், இரண்டாவதில் இன்னும் 30 பாக்கி, மூன்றாவதில்தான் 80 ரூபாய் கையில் நிற்கும். மூன்று முறை வாங்கத் தேவைப்படாத பொருளுக்கு இப்படி விளம்பரம் செய்யவே கூடாது. இன்ஸ்டாகிராமுக்கு ஒரு குறியீட்டுச் சொல், ஊர்க்காரர் குரூப்புக்கு ஒன்று, பெட்டிக்குள் வைக்கும் சீட்டுக்கு ஒன்று என்று கொடுத்து, அதைச் சொன்னால் 20 ரூபாய் தள்ளுபடி என்று வையுங்கள். எந்த வழியில் ஆர்டர் வருகிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். பொருள் கையில் வந்ததும் பணம் தரும் முறையை அறிமுகமில்லாதவருக்குத் தொடக்கத்திலேயே கொடுக்காதீர்கள்; வாங்காமல் திருப்பினால் போகவும் வரவும் கட்டணம் உங்கள் தலையில்.

மாம்பழத்தில் மட்டும் நிற்பது

கிருஷ்ணகிரியில் அதிகம் விளையும் பெங்களூரா ரகம் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. வீட்டுக்கு வாங்குகிறவர் கேட்பது செந்தூரா, இமாம்பசந்த், மல்கோவா. பழுத்ததை அனுப்பினால் நசுங்கும். முற்றிய காயாகப் பறித்து, பால் வடியவிட்டு, காற்றுத் துளை உள்ள ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியில் காகிதத் துண்டுகளிடையே அடுக்கி, திங்கள் முதல் புதன் வரை மட்டும் அனுப்ப வேண்டும். வெள்ளியன்று அனுப்பியது ஞாயிறு முழுதும் குடோனில் வேகும். வீட்டில் எத்தனை நாள் வைத்துப் பழுக்கவிடுவது என்ற சீட்டு உள்ளே இருக்கட்டும். கார்பைடுக் கல் தடை செய்யப்பட்டது, பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

பருவம் மூன்று மாதம்தான். மாம்பழம் வாங்கிய அதே முகவரிப் பட்டியலுக்கு ஆடியில் மாங்காய் வற்றல், கார்த்திகையில் களிக் கட்டு என்று தொடர்ந்தால்தான் ஆண்டு ஓடும். தை முடியும் முன்பே அந்தப் பட்டியலுக்குப் புதுப்புளி முன்பதிவு அறிவித்து, பாதிப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். 60 கிலோவுக்கு முன்பதிவு வந்தால், சதைக் கணக்குப்படி ஓட்டோடு 110 கிலோவும், கழிவுக்கும் புது வாடிக்கையாளருக்கும் இன்னும் 30 கிலோவும் வாங்கினால் போதும்.