ஊழல் லிஸ்ட்ட வச்சு ஒரு நாட்ட எடை போடுறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

வருசா வருசம் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல்ங்கிற சர்வதேச ஊழல் எதிர்ப்பு அமைப்பு, நாட்டுக்கு நாடு மார்க் போட்டு ஊழல் லிஸ்ட்ட விட்ட உடனே வாட்ஸப்ல ஃபார்வர்ட் பறக்கும், "நாம முன்னேறாததுக்கு இதான் காரணம்"னு. சம்பந்தமே இல்லன்னு நான் சொல்லல, இருக்கு, ஆனா அத படிக்கிற விதத்துல தான் சொதப்புறோம்.

மொதல்ல அந்த மார்க். 0ன்னா படுமோசம், 100ன்னா சுத்தம், இதையே நிறைய பேர் தலைகீழா புரிஞ்சுக்கிறாங்க. அதுவும் கைமாறுன லஞ்சத்த எண்ணி போட்ட கணக்கு இல்ல, நிபுணர்களும் தொழில் பண்றவங்களும் அந்த நாட்டு அரசாங்கத்த பத்தி என்ன நெனைக்கிறாங்கங்கிறது தான். பட்டா மாத்த நீங்க அழுத காசு அதுல நேரா ஏறாது. 2012ல கணக்கு போடுற முறையவே மாத்திட்டாங்க, அதனால 2011 மார்க்க இப்ப உள்ளதோட ஒப்பிட்டு சண்ட போடாதீங்க.

அடுத்தது, ஊழல் கம்மியான நாட்டுல வாழ்க்கைத்தரம் தானா மேல இருக்கும்னு நெனைக்கிறது. 2023 லிஸ்ட்ல ருவாண்டாவுக்கு 53, இலங்கைக்கு 34. ஆனா ஐநாவோட மனித வளர்ச்சிக் குறியீட்ட பாருங்க (0லேந்து 1 வரைக்கும் போகும், 1 தான் உச்சம்), 2022 கணக்குல இலங்கை 0.780, ருவாண்டா 0.548. எப்படி? அந்தக் குறியீடு பாக்குறது ஆயுசு, படிப்பு, வருமானம். இலங்கைல 1945லயே இலவசக் கல்வி வந்தாச்சு, இலவச ஆஸ்பத்திரியும் ரொம்ப காலமா இருக்கு, அன்னைக்கு விதைச்சத இன்னைக்கும் அறுத்துக்கிட்டு இருக்காங்க.

இங்க தான் இன்னொரு தப்பும் ஒளிஞ்சிருக்கு. அந்த 0.780 எந்த வருசத்து மார்க்? இலங்கைல பெட்ரோலுக்கு ஜனங்க நாள் கணக்கா வரிசைல நின்ன, ஆஸ்பத்திரில மருந்து தீர்ந்துபோன அதே 2022. சேத்து வச்சது எவ்ளோன்னு தான் அது காட்டும், தாக்குப்பிடிக்குமான்னு காட்டாது. மனித வளர்ச்சியும் நீடித்த வளர்ச்சியும் ஒண்ணுதான்னு எழுதுறவங்க இத கவனிக்கணும்.

நாட்டு மார்க்கோட நின்னுடாம பணம் எங்க ஒழுகுதுன்னும் பாருங்க. உகாண்டால 1991-95ல பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் தலைக்கு இவ்ளோன்னு அனுப்புன மானியத்துல சராசரியா 13 சதவீதம் தான் பள்ளிக்கூடத்துக்கு போய் சேந்துச்சு, மீதி எல்லாம் நடுவுல மாவட்ட ஆபீஸ்லயே நின்னுடுச்சு. அப்புறம் எவ்ளோ அனுப்புறோம்னு பேப்பர்ல போட்டாங்க, பள்ளிக்கூட சுவத்துலயும் ஒட்டச் சொன்னாங்க, 2001ல 80 சதவீதத்துக்கு மேல வந்து சேந்துச்சு. முழு கிரெடிட்டும் பேப்பருக்கேன்னு சொல்றதும் தப்பு தான், அதே சமயத்துல அங்க வேற மாற்றங்களும் நடந்துச்சு.

கடைசியா, மார்க் நல்லா இருந்தா அந்த நாட்டுக்கும் ஊழலுக்கும் ஒட்டோ உறவோ இல்லன்னு நெனைக்காதீங்க. 2023ல சுவிட்சர்லாந்து 82, பிலிப்பைன்ஸ் 34. ஆனா பிலிப்பைன்ஸ்ல அதிபரா இருந்த ஃபெர்டினான்ட் மார்க்கோஸ் அடிச்ச காசு போய் உக்காந்தது சுவிஸ் பேங்க்ல. 1986ல அவர விரட்டுனாங்க, சுமார் 68 கோடி டாலர் மணிலாவுக்கு திரும்பி வர 2000த்த தாண்டிடுச்சு.