வட்டி எங்கே போய்ச் சேர்கிறது? நேர் வளர்ச்சியையும் கூட்டு வளர்ச்சியையும் குழப்பிக்கொள்வதால் நேரும் தவறுகள்

ஒரு தொகை ஆண்டுதோறும் ஒரே அளவில் கூடிக்கொண்டு போனால் அது நேர் வளர்ச்சி. கூடிய பகுதியும் அசலோடு சேர்ந்து அடுத்த ஆண்டு தானும் வட்டி ஈட்டினால் அது கூட்டு வளர்ச்சி. தனிவட்டி, கூட்டுவட்டி என்று பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனாலும் சேமிப்புப் பணத்தோடு அஞ்சலகத்திலோ வங்கியிலோ போய் நிற்கும்போது, ஒன்றுக்குரிய கணக்கை மற்றொன்றின் மேல் போட்டுப் பார்ப்பவர்களே அதிகம்.

கிசான் விகாஸ் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 7.5 சதவீத வட்டியின்படி, அதில் போட்ட பணம் 115 மாதங்களில் இரட்டிப்பாகும். ஒன்பது ஆண்டு ஏழு மாதத்தில் நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய் வட்டி கிடைக்கிறதே என்று ஆண்டுக் கணக்கால் வகுத்துப் பார்ப்பவருக்கு, ஏறத்தாழ 10.4 சதவீதம் கிடைப்பதாகத் தோன்றும். அந்தக் கூடுதல் மூன்று சதவீதம் திட்டம் தருவதன்று. கூட்டு வளர்ச்சியை நேர் வளர்ச்சியாக எண்ணி வகுத்ததால் வந்த மாயை. அதே 7.5 சதவீதத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை அசலில் சேர்க்கும் வங்கி வைப்பில் போட்டால், சுமார் 112 மாதங்களிலேயே பணம் இரட்டிப்பாகிவிடும் என்பதை 10.4 என்ற எண்ணை நம்பியவர் கவனிக்கவே மாட்டார். முதிர்வுத் தொகையை மட்டும் காட்டி விற்கப்படும் எந்தத் திட்டத்திலும், லாபத்தை ஆண்டுகளால் வகுக்கக் கூடாது. 72-ஐ இரட்டிப்பாகும் ஆண்டுகளால் வகுத்தால் உண்மையான கூட்டு விகிதம் ஓரளவுக்குத் தெரிந்துவிடும். 12 ஆண்டில் இரட்டிப்பு என்றால் அது 8.33 அன்று, ஏறத்தாழ 6 சதவீதம்.

இதற்கு எதிர்த்திசையில் செய்யப்படும் தவறு, வட்டி வருகிற கணக்கெல்லாம் தானாகவே குட்டி போடும் என்று நம்பிவிடுவது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் ரூபாய் போட்டவருக்கு, 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 ரூபாய் கிடைக்கும். அதை எடுக்காமல் விட்டுவைத்தால் பெருகும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் உரிய மாதத்தில் பெற்றுக்கொள்ளாத வட்டிக்கு மேல்வட்டி கிடையாது என்பது அத்திட்டத்தின் விதி. ஐந்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் சேர்வது 3,33,000 ரூபாய் மட்டுமே. அதே 5,550 ரூபாயை மாதந்தோறும் 6.7 சதவீத அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டிவந்தால், 60 தவணைகளின் முடிவில் சுமார் 3,96,000 ரூபாய் ஆகும். இரண்டுக்கும் இடையிலுள்ள 63,000 ரூபாய், ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்காததால் போவது. ஆகவே எந்தத் திட்டத்திலும் முதலில் கேட்க வேண்டியது, வட்டி அசலில் சேர்கிறதா, வெளியே வந்துவிடுகிறதா என்பதைத்தான். விகிதம் எத்தனை என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கூட்டு வளர்ச்சியின் தொடக்க ஆண்டுகளைப் பார்த்துவிட்டுச் சலித்துப்போவதும் ஒரு தவறே. ஒரு லட்சம் ரூபாய் 8 சதவீதத்தில் ஐந்து ஆண்டு இருந்தால், தனிவட்டியில் 1,40,000. கூட்டுவட்டியில் ஏறத்தாழ 1,46,900. இவ்வளவுதானா என்று தோன்றுவது இயல்பே. முப்பது ஆண்டில் முன்னது 3,40,000 ரூபாயில் நிற்க, பின்னது பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். முதல் ஆண்டில் 8,000 ரூபாய் கூடிய அதே கணக்கில், முப்பதாம் ஆண்டில் மட்டும் 74,000 ரூபாய்க்கு மேல் கூடும். பத்தாம் ஆண்டில் உடைத்து எடுப்பவர் இழப்பது அந்தப் பின்பகுதியையே.

கடனிலும் இதே கணக்குத்தான், ஆனால் நமக்கு எதிராக. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியவர் மூன்று ஆண்டுகள் எதுவும் கட்டாவிட்டால், வட்டியைத் தனியே எழுதிவைத்தால் 1,72,000 ரூபாய் தர வேண்டியிருக்கும். கட்டாத வட்டியை மாதந்தோறும் அசலில் ஏற்றினால் அது ஏறத்தாழ 2,04,000 ரூபாய் ஆகிவிடும். பத்திரம் எழுதும்போது வட்டி எத்தனை என்று பேரம் பேசுகிறவர்கள், கட்டத் தவறிய வட்டி என்ன ஆகும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஓய்வுபெற்றோர் செய்யும் தவறு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தை 8.2 சதவீதத்தில் போட்டவருக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் வருகிறது. வட்டி விகிதம் மாறாமலே இருந்தாலும், அசல் அப்படியே இருப்பதால் வருமானம் அதே இடத்தில் நிற்கும். விலைவாசியோ கூட்டு முறையில் ஏறும். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை உயர்வதாக வைத்துக்கொண்டால், இன்று 20,500 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்குப் பத்து ஆண்டு கழித்துச் சுமார் 36,700 ரூபாய் வேண்டும். முதல் சில ஆண்டுகளில் வரும் வட்டியில் செலவு போக மிஞ்சுவதை, வட்டி அசலில் சேரும் வேறொரு வைப்பில் போட்டுவைப்பவருக்கே இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்ப வழியிருக்கும்.