பழைய கார்களுக்கு டைமிங் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பாசடர், பத்மினி போன்ற கார்ப்பரேட்டர் வண்டிகளை விற்க மனமில்லாமல் வைத்து ஓட்டுபவர்கள் திருநெல்வேலிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வண்டி இழுக்கவில்லை என்றால் பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பார்ப்பதுதான் அவர்களில் பலருக்குக் கைவந்த வைத்தியம். ஆனால் டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை வைப்பது, பாயிண்ட், பிளக், டேப்பட் (வால்வு இடைவெளி) எல்லாம் சரிசெய்தபின் கடைசியாகக் கைவைக்க வேண்டிய வேலை.

காரணம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயிண்டில் இருக்கிறது. பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசிக்கொண்டே இருக்கும் ஃபைபர் கட்டை தேயத் தேயப் பாயிண்டின் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், அதனால் ஸ்பார்க்கும் தாமதமாக வரும். ஆகவே டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு பாயிண்டைச் சரிசெய்பவர், வைத்த டைமிங்கைத் தானே கலைத்துவிடுகிறார். பெட்ரோல் அம்பாசடரின் பழைய லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு இந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. இதை அளப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஓடித் தேய்ந்த பாயிண்டில் ஒரு முகத்தில் சிறு மேடும் எதிர்முகத்தில் குழியும் விழுந்திருக்கும். இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து, உண்மையான இடைவெளியைவிடக் குறைவாகக் காட்டும். அப்படிப்பட்ட பாயிண்டை அரத்தால் ராவி ஒப்பேற்றுவதைவிட மாற்றிவிடுவது நல்லது.

அடுத்தது, பிஸ்டன் மேலே வருவதைக் காட்டும் புல்லியின் குறியை மட்டும் நம்புவது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷனிலும் மேலே வரும், எக்ஸாஸ்ட் முடிவிலும் மேலே வரும். குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு என்ஜினைச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும் சுற்றே கம்ப்ரஷன். இதைப் பார்க்காமல் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் கார்ப்பரேட்டர் வழியாக வெடிக்கும்போது பெட்ரோலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஓடும் என்ஜினின் குறியை ஒளியால் காட்டும் டைமிங் லைட் வைத்திருப்பவர்களும் தப்பிவிடுவதில்லை. வேக்குவம் டியூபைக் கழற்றி அடைக்காமலும், ஐடிலை ஏற்றி வைத்துக்கொண்டும் குறியைப் பார்த்தால், வேக்குவமும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிவதும் கொடுக்கும் அட்வான்ஸும் (ஸ்பார்க் முன்னதாக வருவது) கணக்கில் சேர்ந்துவிடும். அது மிகையென்று எண்ணி அவர்கள் ரிட்டார்ட் செய்வார்கள், அதாவது ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவார்கள்; வண்டி இழுவை இழந்து, வெயிலில் சூடேறும்.

என்ஜின் சத்தத்தைக் கேட்டுக் காதால் டைமிங் வைப்பவர்களின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் அட்வான்ஸ் ஆகும். அப்படித் திருப்பும்போது ஐடில் ஏறி, என்ஜின் இனிமையாக ஓடுவதுபோல் தோன்றும். அந்த இனிமையை நம்பி நானும் ஒரு சித்திரையில் பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு ஏறினேன். நான்கு பேர் பாரத்தோடு இரண்டாவது வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்ததும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் என்ஜின் தட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம். ஆகவே நின்ற இடத்தில் கேட்ட சத்தத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், லைட் அல்லது டெஸ்ட் லாம்பைக் கொண்டு வைத்தபின், ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்துப் பார்க்க வேண்டும். நகருக்குள் இருப்பவர்களுக்கு ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றமே போதும், விடியற்காலையில் என்றால்.

டெஸ்ட் லாம்பை டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு கம்பி முனைக்கும் பாடிக்கும் இடையே மாட்டி, இக்னிஷனை ஆன் செய்து, என்ஜினை அது ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்ற வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் சற்றே பின்னுக்கு இழுத்து ஒப்பேற்றக் கூடாது. செயினின் தொய்வு கணக்கைக் கெடுத்துவிடும், மறுபடி முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். குறியில் நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், விளக்கு எரியும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். அந்த இடத்தில் கிளாம்ப் போல்ட்டை இறுக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் சற்று நகர்வதுண்டு என்பதால், இறுக்கியபின் இன்னொரு முறை சுற்றி, விளக்கு அதே குறியில்தான் எரிகிறதா என்று பார்த்துவிட்டே பானெட்டை மூட வேண்டும்.