ஓப்பன் ஆக்சஸ் ஒப்பந்தம்: டிக் போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற தேவிபட்டினத்துப் பையன் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். "சார், பேப்பர் அக்செப்ட் ஆயிருச்சு. ஆனா இது என்னன்னு கொஞ்சம் பாருங்க." பார்த்தேன். கட்டுரையை ஓப்பன் ஆக்சஸாக, அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவதற்கான கட்டணம்: 2,890 டாலருக்கு இன்வாய்ஸ், முப்பது நாளில் கட்ட வேண்டும். நம் காசில் சுமார் இரண்டரை லட்சம். அவனுக்கு உதவித்தொகை வந்தே நாலு மாதம் ஆகிறது.

காசு யார் கட்டுவது என்று பார்க்காமல் படிவத்தில் ஓப்பன் ஆக்சஸுக்கு டிக் போட்டிருக்கிறான். 2017-ல் நான் செய்த அதே தவறுதான், இம்மி பிசகாமல். கடல்புல் ஆய்வு என் வேலை, அதோடு கல்லூரி லைப்ரரி கமிட்டிப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது என்பதால் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வந்து நிற்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். போலி ஜர்னல், ரெஃபரன்ஸ் ஸ்டைல் மாதிரி எல்லோரும் சொல்லிவிட்ட விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

படிக்கக் கிடைத்த ஒப்பந்தத்தை வெளியிடவும் கிடைத்ததாக நினைப்பது

பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்கள், 6,300-க்கு மேல் அரசு நிறுவனங்கள். முன்பெல்லாம் ஒரு கட்டுரைக்காக வெளிநாட்டு நண்பருக்கு மெயில் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருப்போம். இப்போது ராமநாதபுரத்தில் உட்கார்ந்து ஒரு கிளிக்கில் திறக்கிறோம். பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது அடிப்படையில் படிப்பதற்கான ஒப்பந்தம். தேர்ந்தெடுத்த ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களில் வெளியிட உதவியாக ஆண்டுக்கு 150 கோடி வரை தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள், அது வேறு கணக்கு. உங்கள் ஜர்னல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் 'நம்ம கவர்ன்மென்ட்தான் காசு கட்டியாச்சே' என்று நினைத்தால் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஜெர்மனியில் டீல் என்ற ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2019-ல் வைலி பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தம் இரண்டையும் சேர்த்தது: படிக்கவும் செய்யலாம், உறுப்பு நிறுவனத்து ஆய்வாளர் தன் கட்டுரையை ஓப்பன் ஆக்சஸாக வெளியிடவும் செய்யலாம், அதற்கான பணத்தை ஒப்பந்தமே பார்த்துக்கொள்ளும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தனக்கும் இதே மாதிரி ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டு 2019 பிப்ரவரியில் எல்செவியர் பதிப்பகத்தின் சந்தாவையே விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து 2021 மார்ச்சில்தான் கையெழுத்துப் போட்டது. அங்கே இருக்கிற நண்பர் 'நான் ஒரு பைசா கட்டலை' என்று சொன்னால் அதற்குப் பின்னால் அவருடைய நூலகம் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறது. அவர் சொன்னதைக் கேட்டு நாமும் அதே டிக் போடுவதுதான் பிரச்சினை.

அந்த டிக் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அக்செப்ட் ஆன மெயில் வரும், நீங்கள் சந்தோஷத்தில் இருப்பீர்கள், வீட்டுக்கு போன் போட்டிருப்பீர்கள். அடுத்த நாள் 'உங்கள் உரிமை ஒப்பந்தத்தை முடியுங்கள்' என்று ஒரு லிங்க். அதில் இரண்டு வட்டங்கள். ஒன்று ஓப்பன் ஆக்சஸ், பக்கத்தில் உலகம் முழுக்கப் படிப்பார்கள், மேற்கோள் கூடும் என்று நாலு வரி. இன்னொன்று சந்தா வழி (படிப்பவர் தரப்பு சந்தா கட்டும், எழுதுகிறவர் கட்ட வேண்டாம்), ஒரே வரி. கட்டணம் அதே பக்கத்தில் இருக்காது, அடுத்த பக்கத்தில் வரும். நான் பார்த்த ஒரு படிவத்தில் 'உங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருக்கக்கூடும்' என்றும் போட்டிருந்தது. இருக்கக்கூடும் என்பதை இருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் நான் அமுக்கினேன். அப்போது எங்களிடம் இருந்ததும் படிக்கிற சந்தா மட்டும்தான். இன்வாய்ஸ் வந்தபோது கட்டுரை ஆன்லைனில் ஏறிவிட்டது, பின்வாங்க வழியில்லை. ஊழியர் சொசைட்டியில் கடன் வாங்கிக் கட்டினேன். 26 மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்தை யாராவது திறந்து காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

அது ஹைப்ரிட் ஜர்னல், சந்தா வழியும் உண்டு, ஓப்பன் ஆக்சஸும் உண்டு. அதாவது சந்தா வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒரு ரூபாய் செலவில்லை. அதே ஜர்னல், அதே கட்டுரை, அதே மதிப்பு.

ஆகவே சப்மிட் செய்வதற்கு முன்பே, அக்செப்ட் ஆன பிறகு அல்ல, லைப்ரரியனிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த பதிப்பகத்தோடு நமக்கு வெளியிடும் ஒப்பந்தம் உண்டா? உண்டென்றால் இந்த ஜர்னல் அதில் இருக்கிறதா? (ஹைப்ரிட் மட்டும் சேர்த்து, முழு ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களை விட்டுவிடுகிற ஒப்பந்தங்கள் உண்டு.) கட்டுரை வகை அதில் அடங்குமா? பதில் எழுத்தில், மெயிலில் இருக்கட்டும். வாய்வார்த்தை இன்வாய்ஸ் வரும்போது உதவாது.

கரஸ்பாண்டிங் ஆதரைக் கடைசியில் யோசிப்பது

ஒப்பந்தத்தின் பலன் பெரும்பாலும் கரஸ்பாண்டிங் ஆதர், அதாவது ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கிற ஆசிரியர், எந்த நிறுவனத்தில் இருக்கிறாரோ அதைப் பொறுத்ததுதான். ஆறு பேர் எழுதிய கட்டுரையில் ஐந்து பேருக்கு ஒப்பந்தம் இருந்து, மெயில் போடுகிற அந்த ஒருவருக்கு இல்லையென்றால் இல்லைதான். ஒரே சந்தா திட்டத்திலும் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்கள்தான், தனியார் கல்லூரி நண்பரை நம்பி இருக்கக் கூடாது. இதற்காக வேலையே செய்யாத வெளிநாட்டுக்காரரை அந்த இடத்தில் வைப்பதும் தவறு. தொண்டி கடலில் இறங்கி மாதிரி எடுத்தவர் நீங்கள், அந்தப் பெயர் பதவி உயர்வுக்கும் கணக்கில் வரும். உண்மையாகவே சேர்ந்து வேலை செய்திருந்தால், யார் அந்தப் பொறுப்பை ஏற்பது என்பதை எழுத ஆரம்பிக்கும்போதே பேசி முடியுங்கள். அக்செப்ட் ஆன பிறகு மாற்றக் கேட்டால் எடிட்டர் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

ஜிமெயிலில் சப்மிட் செய்வது

வேண்டாம். நிறுவன மெயில் மட்டும். ஒப்பந்தம் உள்ள நிறுவனத்துக்காரரா என்று அதை வைத்தும்தான் பார்க்கிறார்கள். நிறுவனத்தின் பெயரை ஒரு இடத்தில் ராம்நாட், இன்னொரு இடத்தில் ராமநாதபுரம் என்று எழுதினால் கம்ப்யூட்டர் இரண்டு ஊராக எடுத்துக்கொள்ளும்.

'வளரும் நாடுதானே, தள்ளுபடி கிடைக்கும்'

பதிப்பகங்கள் கட்டணத் தள்ளுபடி தருகிற நாடுகளின் பட்டியலில் பெரும்பாலும் இந்தியா இல்லை.

லைசென்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பது

சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதைப் பற்றிய ஒரு கட்டுரை. பாசி எந்த மாதம் எங்கே வளரும் என்ற விவரமெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்தது. ஓப்பன் ஆக்சஸ்தான், ஆனால் 'மாற்றி வெளியிடக் கூடாது' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் (மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பொது உரிமம்) வகையை ஆய்வாளர் தேர்ந்தெடுத்துவிட்டார். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். அதைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு அந்தப் பெண்களுக்கே கொடுக்கலாம் என்றபோது அனுமதி கேட்டு பதிப்பகத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. அதிலேயே சிசி பை என்ற வகையைப் போட்டிருந்தால் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அன்றைக்கே அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். யாரிடமிருந்து தகவல் வாங்கினோமோ அவர்களிடம் அது திரும்பிப் போக வேண்டாமா?

டிசம்பரில் போய் நிற்பது

பல ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று ஒதுக்கீடு உண்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இலவச வழியை மறந்துவிடுவது

ஓப்பன் ஆக்சஸ் என்றாலே காசு என்று ஒரு நினைப்பு பரவிவிட்டது. சந்தா வழியில் வெளியிட்டாலும், ரெவ்யூ முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் வேர்டு பிரதியை (ஜர்னல் வடிவமைத்த பிடிஎஃப் அல்ல) நிறுவனக் களஞ்சியத்தில் (நிறுவனமே ஆன்லைனில் நடத்தும் கட்டுரைச் சேமிப்பு) போட பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன, பெரும்பாலும் 12 மாதம் கழித்து, சிலவற்றில் இன்னும் கூடுதலாக. ஷெர்பா ரோமியோ என்று நாம் பழகிய தளம் இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இருக்கிறது, ஜர்னல் பெயரைப் போட்டால் விதியைக் காட்டும். நம் கடற்கரையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் வந்த பழைய கட்டுரைகளை அதன் களஞ்சியத்தில் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். என் மாணவர்கள் கடல்புல்லைப் பற்றி முதலில் படிப்பதே அங்கிருந்துதான்.

தேவிபட்டினத்துப் பையனின் கட்டுரை அதிர்ஷ்டவசமாக இன்னும் ஆன்லைனில் ஏறவில்லை. அன்றைக்கு ராத்திரியே அவனை உட்கார வைத்து, 'எங்கள் நிறுவனத்துக்கு வெளியிடும் ஒப்பந்தம் இல்லை, சந்தா வழிக்கு மாற்றித் தாருங்கள், இன்வாய்ஸை ரத்து செய்யுங்கள்' என்று நாலே வரியில் மெயில் போட வைத்தேன். ஒன்பதாவது நாள் பதில் வந்தது, மாற்றிவிட்டார்கள். ஏற்கப்பட்ட பிரதியின் ஃபைல் இப்போது லைப்ரரி கம்ப்யூட்டரில் இருக்கிறது, வெளியிட வேண்டிய தேதியை அவனே அடுத்த வருட காலண்டரில் குறித்து வைத்திருக்கிறான்.