பழக்கடை ஆங்கிலம்: பெங்களூர்த் தமிழர்கள் வழுக்கும் இடங்கள்

பழங்களின் ஆங்கிலப் பெயர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் வருவது சுவரில் ஒட்டிய சார்ட்டிலிருந்து. ஒரு படம், ஒரு பெயர். ஆப்பிள், ஆரஞ்சு வரைக்கும் அது போதும். அதற்கு மேல் சிக்கல், அதிலும் பெங்களூரில் இரட்டைச் சிக்கல். ஒரே பழத்துக்கு வீட்டில் தமிழ், தள்ளுவண்டியில் கன்னடம், பள்ளியில் ஓர் ஆங்கிலம், வெளிநாட்டில் இன்னோர் ஆங்கிலம். எந்தப் பெயர் எங்கே செல்லும் என்று பார்க்காமல் மனப்பாடம் செய்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் 'பட்டர் ஃப்ரூட்' என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். லண்டனில் அதையே கேட்டால் விழிப்பார்கள், அங்கே அவகாடோ. சப்போட்டா மும்பையிலும் டெல்லியிலும் சிக்கு, அமெரிக்காவில் சப்போடில்லா. அமெரிக்காவில் சப்போட்டா என்று கேட்டால் 'சப்போட்டே' என்று முடியும் பெயர் கொண்ட வேறு பழங்களோடு குழப்பிக்கொள்ளக்கூடும். அதற்காக 'பட்டர் ஃப்ரூட்' தவறு என்று பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்க வேண்டியதில்லை. அதுவும் ஆங்கிலம்தான், இந்த ஊர் ஆங்கிலம். ஊர் தாண்டினால் செல்லாது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

கன்னடம் வழியாக வரும் ஒரு குழப்பம் இன்னும் சுவையானது. இங்கே 'பரங்கி ஹண்ணு' என்பது பப்பாளி. நம் வீட்டில் பரங்கி என்றால் சாம்பாரில் போடும் காய். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை பப்பாளியைக் காட்டி 'பம்ப்கின்' என்று சொன்னால் அதன் மேல் குற்றமில்லை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வெளிநாட்டுச் சரக்கு என்று இரண்டு மொழிக்காரர்களும் பரங்கிப் பட்டத்தை ஆளுக்கொன்றுக்குச் சூட்டிவிட்டார்கள்.

அடுத்து அகராதியை நம்பி ஏமாறுவது. நெல்லிக்காய்க்கு 'கூஸ்பெரி' என்று போட்டிருக்கும். ஐரோப்பாவில் அந்தப் பெயரில் விற்பது முள்செடியில் காய்க்கும் வேறு பழம். ஆம்லா அல்லது இந்தியன் கூஸ்பெரி என்றால்தான் நம் நெல்லி. நாவல்பழத்தை 'பிளாக்பெரி' என்பதும் அப்படித்தான். பிளாக்பெரி சின்னச் சின்ன மணிகள் திரண்ட கொத்து. நாவலுக்குள் இருப்பது ஒரே கொட்டை. ஜாமுன் என்றே சொல்லலாம், வெளிநாட்டவரிடம் ஜாவா ப்ளம்.

எலுமிச்சையில் சமையலே கெட்டுப்போகும். நாம் லெமன் ரைஸ் என்கிறோம், ஃப்ரெஷ் லைம் சோடா என்கிறோம், இரண்டிலும் பிழிவது ஒரே பழத்தை. வெளிநாட்டில் லெமன் என்றால் பெரியது, மஞ்சள், தோல் தடித்தது. சிறிதாக, மெல்லிய தோலோடு இருக்கும் நம் எலுமிச்சை லைம் வகை. வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் 'ஒரு லெமன்' என்று இருந்தால் நம்மூர்ப் பழம் ஒன்று போதாது. சாத்துக்குடியை 'ஸ்வீட் லைம்' என்கிறோம். தோட்டக்கலைக்காரர்களோ அதை ஆரஞ்சு இனத்தில் சேர்க்கிறார்கள்.

சீதாப்பழம் கஸ்டர்ட் ஆப்பிள், விளாம்பழம் வுட் ஆப்பிள், பன்னீர்ப்பழம் ரோஸ் ஆப்பிள். எதற்கும் ஆப்பிளோடு உறவில்லை. பழைய ஆங்கிலத்தில் பொதுவாகப் பழத்துக்கே ஆப்பிள் என்று பெயர் இருந்தது, அவ்வளவுதான். பேக்கரி கேக்கின் மேல் இருக்கும் சிவப்பு உருண்டையைக் காட்டி 'செர்ரி' என்று சொல்லித்தருவதையும் கொஞ்சம் யோசிக்கலாம். பெரும்பாலும் அது சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். பக்கத்தில் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டியோ பப்பாளிக்காய்.

காய், பழம் என்ற பாகுபாடு தமிழில் இயல்பாக வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஃப்ரூட்தான், பக்குவத்தைத் தனியே சொல்ல வேண்டும். மாங்காயை 'ரா மேங்கோ' என்கிறோம். ரா என்றால் வெளிநாட்டவருக்குச் சமைக்காதது என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கணக்கில் நாம் அரிந்து தின்னும் கனிந்த மாம்பழமும் ராதான். கிரீன் மேங்கோ அல்லது அன்ரைப் மேங்கோ என்றால் குழப்பமில்லை. 'ரைப்டு மேங்கோ' என்று ஒன்று கிடையாது. பழுத்தது ரைப், பழுப்பது ரைப்பன்.

கடைக்காரர் மூட்டையாக விற்பதால் ஒன்றையும் பன்மையிலேயே சொல்லிப் பழகிவிட்டோம்: ஒரு கிரேப்ஸ், ஒரு டேட்ஸ், ஒரு ப்ளம்ஸ். ஒன்று என்றால் கிரேப், டேட், ப்ளம். சாறும் கிரேப் ஜூஸ்தான், 'கிரேப்ஸ் ஜூஸ்' அல்ல. 'ஃப்ரூட்ஸ் சாலட்' என்பதிலும் அந்த 'ஸ்' வேண்டாம். உச்சரிப்பில் இரண்டை மட்டும் கட்டாயம் திருத்திக்கொள்ளுங்கள். பேரிக்காய் 'பேர்'. அதைப் 'பியர்' என்று சொன்னால் அலுவலக கேன்டீனில் சிரிப்பார்கள். அத்திப்பழம் 'ஃபிக்'. உதட்டை ஒட்டி 'பிக்' என்றால் அத்தி ஜாம் பன்றி ஜாமாகிவிடும்.

வாழைப்பழம் தனிக் கதை. இங்கே ஏலக்கியும் பச்சபாளேயும் கிலோ கணக்கில் வருகின்றன. சீப்பு என்பதை அப்படியே 'கோம்ப்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சீப்புக்குச் சாகுபடிக்காரர்கள் வைத்த பெயர் 'ஹேண்ட்', அதில் ஒரு பழம் 'ஃபிங்கர்', முழுத்தார் 'பஞ்ச்'. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சீப்பையே பஞ்ச் என்பார்கள், நாமும் அப்படியே சொல்லலாம். வாழையிலையைப் 'பிளான்டெய்ன் லீஃப்' என்பது தென்னிந்தியப் பழக்கம். வெளியே பிளான்டெய்ன் என்றால் சமைத்துச் சாப்பிடும் வாழை, ஆகவே 'பனானா லீஃப்' நல்லது.

பழத்தின் பெயர் தெரிந்தும் உறுப்புகளில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். எல்லாவற்றையும் 'பீஸ்' என்று ஒப்பேற்றிவிடுகிறார்கள். ஆரஞ்சுச் சுளை செக்மென்ட், பலாச்சுளை பல்ப். மாங்கொட்டை ஸ்டோன், அமெரிக்காவில் பீச் போன்றவற்றின் கொட்டையைப் பிட் என்பார்கள். ஆரஞ்சு விதை சீட் அல்லது, பிரிட்டனில், பிப். மாதுளை முத்துக்கு ஏரில் என்ற சொல் உண்டு, பேச்சில் சீட்ஸ் என்றாலே போதும். வாழை, ஆரஞ்சுத் தோல் பீல். திராட்சைத் தோல் ஸ்கின். தர்பூசணியின் தடித்த ஓடு ரைண்ட். கர்நாடகத்தில் அரிசியோடு அரைத்துத் தோசை வார்க்கிறார்களே, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கும் அந்த வெள்ளைப் பகுதியும் ரைண்டில்தான் சேரும்.